அந்தப் பாட்டிலில் என்ன கலந்தீர்கள்?

ஜூன் 4

என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். அக்கா நலம், அத்தான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவீர்கள், அது உண்மையா என்று நான் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறேன் என்று அக்காவிடம் கேட்டீர்களாம். போனில் உங்கள் குரல் ரொம்ப நன்றாக இருக்கிறது, அதுதான் காரணம். வேலை போன பிறகு மூன்று மாதம், காலையில் நான் கட்டிக் கொடுத்த கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வந்து "இன்னைக்கு லேப்ல இடுப்பு ஒடிஞ்சிடுச்சு" என்று சொன்னதும் இதே குரல்தான். நானும் நம்பி இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். பூங்காக் காவலாளியின் பெண்டாட்டி எங்கள் கம்பெனியில் வேலை பார்க்காமல் இருந்திருந்தால் இன்றுவரை தேய்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். இப்போது வேறு பல் செட் லேப்பில் வேலை கிடைத்துவிட்டது என்கிறீர்கள். இருக்கலாம்.

ஆகவே இனிமேல் எல்லாம் எழுத்தில். எழுத்து என்றால் நான் திருப்பித் திருப்பிப் படிக்கலாம். இத்தனை வருஷம் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். சட்டையைக் கையில் எடுத்தாலே எங்கே தையல் விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிள்ளை பிறந்த பிறகு அங்கே வருவதா, இங்கேயே அக்காவோடு இருந்துவிடுவதா என்பதை உங்கள் கடிதங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். இதை நீங்கள் பல் செட் கட்டுகிறவர் என்பதற்காக மட்டும் கேட்கிறேன், வேறு உரிமை ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தாம் மாதம் தொடங்கியதிலிருந்து பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. பேஸ்ட் வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டுகிறது. வாந்தி எடுத்தால் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "மாசமா இருக்கறப்ப பல் டாக்டர்கிட்ட போகவே கூடாது, ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாது" என்கிறாள். இயற்கையாக, கெடுதல் இல்லாததாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். "ஒண்ணும் பயப்படாதே" என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
நான்தான்

*

ஜூன் 8

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை டீக்கடையில் நின்றுகொண்டே படித்தேன். திட்டுவதற்காவது எழுதினாயே என்று சந்தோஷமாக இருந்தது. பூங்கா விஷயத்தில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது. உன் முகத்தைப் பார்த்து வேலை போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

ஈறு விஷயம். பயப்படாதே என்று எழுதக்கூடாது என்று உத்தரவு வந்திருப்பதால் தெரிந்ததை எழுதுகிறேன். கர்ப்ப காலத்தில் நிறையப் பேருக்கு ஈறு வீங்கும், லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று தேய்க்காமல் விட்டால் அழுக்குத் தங்கி இன்னும் மோசமாகும். மெத்தென்ற பிரஷ்ஷாக வாங்கிக்கொள். பேஸ்ட் குமட்டினால் வாசனை குறைந்த பேஸ்ட்டாக மாற்று, கொஞ்சமாக வைத்துக்கொள். வாந்தி எடுத்ததும் உடனே தேய்க்காதே, அந்தப் புளிப்பு பல்லின் மேலேயே நிற்கும், அதோடு தேய்த்தால் பல் கரையும். முதலில் கொப்பளி, கொஞ்சம் பொறுத்துத் தேய்.

கொப்பளிக்க நானே ஒன்று காய்ச்சி பஸ் பார்சலில் அனுப்புகிறேன். கொதித்து ஆறிய தண்ணீர், உப்பு, துளி சமையல் சோடா, வாசனைக்கு நாலு புதினா இலை. அவ்வளவுதான். கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்காதே. ஆனால் இது உதவிக்குத்தான். பிரஷ் செய்கிற வேலையை எந்தத் தண்ணீரும் செய்யாது.

பக்கத்து வீட்டம்மாவை நான் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை, ஆனாலும் அவர் சொல்வது சரியில்லை. எங்கள் லேப்புக்குப் பல் அச்சு அனுப்புகிற டாக்டரிடம் கேட்டேன். "இந்த மாசங்கள்ல தாராளமா வரலாம், மாசமா இருக்கேன்னு முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க" என்றார். போய்க் காட்டு. போய்விட்டு வந்து எழுது.

பல்லுக்காரன்

*

ஜூன் 13

பல்லுக்காரருக்கு,

பாட்டில் வந்தது. உடையவில்லை.

சில கேள்விகள். ஒன்று, வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைத் தீய்க்கிறவர் நீங்கள். இந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, புதினாகூட வடிகட்டி இருக்கிறது. வடிகட்டி என்று ஒன்று நம் வீட்டில் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அப்புறம், பாட்டிலின் மேல் "காலை, இரவு, வாந்திக்குப் பின்" என்று ஒட்டியிருக்கிறதே, அது உங்கள் கையெழுத்து இல்லை. உங்கள் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். இது முத்து முத்தாக இருக்கிறது. பெண் எழுத்து.

யார் அவள் என்று நான் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்க்கிறேன்.

அக்கா இதைப் படித்துவிட்டு, "ஏண்டி, மனுஷன் தண்ணி காய்ச்சி அனுப்பினா அதுக்கும் ஒரு கேஸா?" என்று கேட்டாள். அவளுக்கென்ன, அத்தான் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். எனக்கு வாய்த்தவருக்குக் காது சிவக்காது.

கொப்பளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பரவாயில்லை. ரத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. டாக்டரிடம் அடுத்த வாரம் போகிறேன்.

இப்படிக்கு,
கேள்வி கேட்கிறவள்

*

ஜூன் 19

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

கைது செய்வதற்கு முன் வாக்குமூலத்தைப் படித்துவிடு.

நம் வீட்டில் கேஸ் தீர்ந்து நாளாகிறது, நான் வெளியில்தான் சாப்பிடுகிறேன். தண்ணீரை லேப்பில் காய்ச்சினேன். மெழுகு உருக்க அங்கே அடுப்பு இருக்கிறது, அளக்கக் கண்ணாடிக் குவளை இருக்கிறது, வடிகட்டி இருக்கிறது. அளந்து ஊற்றுவது என் பிழைப்பு, அம்மா. வீட்டில் தீய்ப்பேன், மேஜையில் தீய்க்க மாட்டேன். பாட்டிலும் லேப் பாட்டில்தான், புதிது, கழுவி எடுத்தது.

கையெழுத்து எங்கள் மெழுகு அக்காவுடையது. மெழுகில் பல் அடுக்குகிறவர். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சிட்டு உன் பொண்டாட்டி குடிச்சிடப்போறா, கொண்டா" என்று வாங்கி எழுதினார். உன் சந்தேகத்தை அவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து, அடுக்கி வைத்திருந்த ஒரு பல் வரிசையையே கோணலாக்கிவிட்டார். "இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பேரா, சந்தோஷம்" என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

ரத்தம் குறைந்தது என்று எழுதியதைப் படித்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் செய்த ஒன்று உனக்குப் பயன்படுகிறது. இது வீட்டில் நடந்து எவ்வளவு நாள் ஆகிறது. திங்கட்கிழமை அடுத்த பாட்டிலை அனுப்புகிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

பல்லுக்காரன்

*

ஜூன் 25, திங்கள்
(தபால் அட்டை)

அவசரம். இன்று காலை பஸ்ஸில் அனுப்பிய பாட்டிலை வாயில் வைக்காதே. அது லேப்பில் அச்சுக்குப் பூசுகிற சோப்புத் தண்ணீர். பாட்டில் மாறிவிட்டது. விஷம் இல்லை, ஆனாலும் வேண்டாம், கொட்டிவிடு. போன் செய்தேன், நான் வாய் திறப்பதற்குள் அக்கா "அவ பேச மாட்டாளாம், எழுதுங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. சரியான பாட்டில் நாளை வரும்.

*

ஜூன் 26

பல்லுக்காரருக்கு,

இரண்டாவது பாட்டில் நேற்றுச் சாயங்காலம் வந்தது. நன்றி. நேற்று இரவும் இன்று காலையும் கொப்பளித்தேன். போன தடவை மாதிரியே நன்றாக இருக்கிறது. புதினா வாசனைதான் வயிற்றைப் புரட்டாமல் காப்பாற்றுகிறது.

பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். அஞ்சு நிமிஷம் பார்த்தார். ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வருவதுதான் என்று அனுப்பிவிட்டார். ஆகவே அந்த விஷயம் முடிந்தது, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம்.

இப்போது என் கேள்விக்கு வாருங்கள். நேற்று அத்தான் கடைக்குச் சரக்கு எடுக்க உங்கள் ஊருக்கு வந்திருந்தார். காலை பதினொரு மணிக்கு நீங்கள் பஸ் ஸ்டாண்டில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தீர்களாம். கூப்பிட்டாராம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். திங்கட்கிழமை, வேலை நேரம். லேப்பில் இருக்க வேண்டிய மனுஷனுக்குப் பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை?

மறுபடி வேலை போய்விட்டதா? மெழுகு அக்கா, கண்ணாடிக் குவளை எல்லாம் கதைதானா? நான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்திருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை என்னால் ஏமாற முடியாது. ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். உண்மை ஒன்றைத் தவிர வேறு எது எழுதினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பிசிறு பார்க்கிறவள்

*

ஜூலை 1

அன்புள்ள உனக்கு,

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் என்று எழுத மனம் வரவில்லை.

என் அட்டையும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ இதை எழுதும்போது அட்டை உன் கைக்கு வந்திருக்காது. வந்த பிறகு நீ ஒன்றும் எழுதவில்லை. நான் இரண்டு நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நடந்தது இது. திங்கட்கிழமை காலையில் ஒரு வாத்தியாரின் கீழ்ப்பல் செட்டுக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தோம். பிளாஸ்டர் அச்சின் ஒரு பாதிமேல் சோப்புத் தண்ணீர் பூசிவிட்டுத்தான் மறு பாதியை ஊற்ற வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒட்டாமல் பிரியும். பூசினேன், ஊற்றினேன், பிரிக்கப் பார்த்தால் கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வேறு இறுகிவிட்டது. உப்புப் பட்டால் பிளாஸ்டர் அப்படி இறுகும். பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். புதினா. உன்னுடையதை அச்சுக்குப் பூசிவிட்டு, அச்சுக்கு உரியதை உனக்கு அனுப்பியிருக்கிறேன். மறுநாள் கைக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமையே இரண்டையும் சீட்டு ஒட்டாமல் ஒரே மாதிரி பாட்டிலில் ஊற்றி வைத்தது என் முட்டாள்தனம். வாத்தியாரின் செட் இரண்டாக உடைந்தது. முதலாளி திட்டத் திட்ட நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சகலை கூப்பிட்டது காதில் விழவே இல்லை. பஸ் போய்விட்டது.

வேலை போகவில்லை. சந்தேகமாக இருந்தால் சகலையையே லேப்புக்கு அனுப்பு, மெழுகு அக்காவே டீ வாங்கித் தருவார்.

அன்றைக்கு முழுக்க என் உயிர் என்னிடம் இல்லை. சோப்பு நுரை பொங்கி நீ குமட்டி வாந்தி எடுப்பாய், வயிறு வலிக்கும், என்னைச் சபிப்பாய் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் திட்டு வாங்கத் தயாராகத்தான் பிரித்தேன். "போன தடவை மாதிரியே நன்றாக இருக்கிறது. புதினா வாசனை."

அந்தப் பாட்டிலில் புதினா இல்லை. வாயில் வைத்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

ஆக, நீ முதல் பாட்டிலையும் கொட்டியிருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன். ரத்தம் குறைந்தது என்று எழுதியதைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன், அதை லேப்பில் எல்லாரிடமும் சொன்னேன். நீ என்னை நம்பாதது எனக்குத் தெரிந்ததுதான். நம்பாமல் இருந்துவிட்டு, நம்புகிற மாதிரி எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபமாக இருக்கிறது. ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பக் கோபமாக இருக்கிறது. கேரியரைத் தூக்கிக்கொண்டு போன அந்த மூன்று மாதம் தெரிய வந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது.

அது இருக்கட்டும். என் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பல் டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்த்து ஒன்றுமில்லை என்றார் என்று எழுதியிருக்கிறாய். ஈறில் ரத்தத்தோடு வருகிறவளைக் கறைகூட எடுக்காமல், பிரஷ் எப்படிப் பிடிக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் அனுப்புகிற டாக்டர் யார்? பெயர் என்ன, கிளினிக் எங்கே? நீ போகவே இல்லை. என்னை ஏமாற்றினால் பரவாயில்லை. ஈறில் சீழ் கட்டினால் அது வாயோடு நிற்காது, காய்ச்சல் வரும், அந்த உடம்பில்தான் நம் பிள்ளையும் இருக்கிறது. உனக்கு என்ன செய்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

பல்லுக்காரன்

*

ஜூலை 5

என் வீட்டுக்காரருக்கு,

தபால் அட்டையில் எழுதினால் ஊரே படிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அது வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அக்கா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவை இடித்தாள். "அடியே, அதை வாயில வெச்சியா? சொல்லுடி" என்று ஒரே கத்தல். வைக்கவில்லை என்றேன். "நேத்து கொப்பளிச்சேன்னு லெட்டர் எழுதினியே" என்றாள். வெளியே வந்ததும் தாடையைப் பிடித்து, "வாயைத் திற" என்றாள். திறந்தேன். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். மேல் வரிசையில், இரண்டு பல்லுக்கு நடுவே, ஈறில் ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. சிவப்பாக, பட்டாணி அளவு. நான் முதல் கடிதம் எழுதியபோது கடுகு மாதிரி இருந்தது. அதை உங்களுக்கு எழுதவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தேன். அந்தக் கெட்ட வியாதிதான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். டாக்டரிடம் போனால் அதைச் சொல்லிவிடுவார், சொன்னால் பிள்ளையை என்ன செய்யச் சொல்வாரோ என்று தினமும் கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

முதல் பாட்டிலைக் கொட்டியது உண்மை. திறந்தேன், முகர்ந்தேன், வாஷ் பேசினில் கவிழ்த்துவிட்டேன். நீங்கள் எதையாவது கலந்திருப்பீர்கள் என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. நீங்கள் காய்ச்சிய தண்ணீரில் எனக்குச் சரியாகிவிட்டால், அப்புறம் உங்கள் மேல் எப்படிக் கோபமாக இருப்பது? அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே ஒவ்வொரு நாளும் எழுந்து நடமாடுகிறேன். அதையும் விட்டுவிட்டால் என்னிடம் பயம் மட்டும்தான் இருக்கும். ஆனால் பாட்டிலைக் கொட்டினேன் என்று எழுதவும் மனம் இல்லை, நீங்கள் லேப்பில் நின்று அளந்து ஊற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். ஒரு பொய்க்கு அடுத்தது தானாக வந்துவிட்டது. உங்களுக்கு அப்படித்தான் மூன்று மாதம் ஓடியிருக்கும்.

அட்டை வந்த அன்றைக்கே அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். பெண் பல் டாக்டர். கட்டியை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இது சில கர்ப்பிணிகளுக்கு வருவது, புற்றுநோய் இல்லை, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும் என்றார். நான் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர் கண்ணாடி, குச்சி எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பஞ்சு எடுத்துக் கொடுத்தார். பிறகு கறை எடுத்தார். "என்ன போட்டுக் கொப்பளிக்கறீங்க?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் உப்புத் தண்ணி காய்ச்சி அனுப்பறார்" என்று சொல்லிவிட்டேன். அக்கா பக்கத்தில் தொண்டையைக் கனைத்தாள். டாக்டர் அதைத் தொடரச் சொன்னார். ஆனால் அதை நம்பிப் பிரஷ்ஷை விட்டதுதான் தப்பு என்றார். நான் இரண்டையும் விட்டவள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அதோடு முடியவில்லை. கீழே கடைவாய்ப் பல் ஒன்று உள்ளே சொத்தையாகிச் சீழ் வைத்திருக்கிறதாம். தள்ளிப் போடக்கூடாது, மரத்துப்போகிற ஊசி போட்டுச் செய்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, நாளை மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். தபாலில் போட்டால் பிந்திவிடும் என்று இந்தக் கடிதத்தை பஸ் பார்சலில் அனுப்புகிறேன். டாக்டர் சொன்னதை நம்பலாம் என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் ஊசி என்று நினைத்தாலே வயிற்றில் பிள்ளை அசைகிற மாதிரி இருக்கிறது.

என் மேல் கோபமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், கோபத்தோடேயே வாருங்கள். எனக்கும் இன்னும் கோபம் போகவில்லை. அந்த நாற்காலியில் உட்காரும்போது அக்கா கையைப் பிடித்துக்கொண்டால் எனக்குப் போதாது.

லேப்பில் லீவு சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்துவிட்டு, சொன்னேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வரும்போது பாட்டில் எதையும் கொண்டுவர வேண்டாம். உப்பும் சோடாவும் இங்கேயே இருக்கிறது. அக்கா அடுப்பை விட்டுத் தருகிறேன் என்கிறாள். என் கண் முன்னால் தண்ணீர் வைத்து, என் கண் முன்னால் அளந்து போட வேண்டும். முதல் வாய் நீங்கள் கொப்பளிக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அப்புறம் டம்ளரை என்னிடம் கொடுங்கள்.

உங்கள்
நான்